தரகரும் தாய்ப்பத்திரமும்

அன்பு மருமகளுக்கு,

குமரி மாவட்டத்துப் புதுக்கடையைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வாங்க முனையும் ஒருவர் தரகரின் துணையின்றி எளிதில் காரியத்தை முடித்துவிட முடியாது. எந்தக் குடும்பம் விற்க எண்ணுகிறது, சொல்லும் விலையிலிருந்து எவ்வளவு இறங்கிவரும், வீட்டுக்குச் செல்லும் பாதை பொதுவழியா அடுத்தவர் விளையின், அதாவது தோட்டத்தின், ஊடே அவர் இசைவால் மட்டும் செல்லும் வழியா என்பவற்றை ஊரறிந்த தரகர் நன்கு அறிந்திருப்பார். ஆயினும் விற்பவருக்கு அவ்வீட்டின்மீது முழு உரிமை உண்டா என்னும் கேள்வி அவருடைய தொழிலின் எல்லைக்கு வெளியே நிற்பது என்பதை, முதல் வீட்டைப் பார்க்கப் புறப்படும் முன்பே மருமகள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரகர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதித்திருப்பினும், அக்கடமை அச்சட்டத்தின்கீழ்ப் பதிவாக வேண்டிய மனைப்பிரிவுகளையும் அடுக்குமாடித் திட்டங்களையும் விற்றுத்தருவோருக்கே உரியது. ஒரு குடும்பம் தான் குடியிருந்த வீட்டை மறுவிற்பனை செய்கையில் இடைநிற்கும் உள்ளூர்த் தரகரை அது தொடுவதில்லை. இத்தகைய தரகருக்குப் பொருந்துவது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம். வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, ஏற்ற வேலை முடியும்வரை முகவருக்கு, அதாவது ஒருவர் சார்பில் செயல்படுபவருக்கு, ஊதியம் கொடுபடவேண்டியதில்லை என்று அதன் 219ஆம் பிரிவும், முறைகேடாக நடந்தவர் அவ்வேலைப் பகுதிக்கு ஊதியம் கோர முடியாது என்று 220ஆம் பிரிவும் கூறுகின்றன. ஆகவே நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ, தரகுத் தொகை எவ்வளவு, அது பத்திரப்பதிவு நாளில்தான் கொடுக்கப்படுமா, தரகர் விற்பவரிடமும் பெறுகிறாரா என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கையொப்பம் பெறுவது இருவருக்கும் நல்லது. உரிமையாளர் கேட்கும் விலைக்குமேல் ஒரு தொகையை ஏற்றிச் சொல்லி, வேறுபாட்டைத் தாமே வைத்துக்கொள்ளும் தரகர்களும் உண்டு என்பதால், உரிமையாளரை நேரில் காணாமல் விலை பேசி முடித்தல் ஆகாது. முன்பணமும் தரகர் கைவழிச் செல்லாமல் உரிமையாளரின் வங்கிக் கணக்குக்கே செல்ல வேண்டும்; 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமும் தடுக்கிறது.

உரிமையை ஆராய்வதில் குமரி மாவட்டத்துக்கெனத் தனிச் சிக்கல்கள் உண்டு. 1954 ஆகஸ்ட் 11 அன்று புதுக்கடையிலேயே துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பலிகொண்ட போராட்டத்தின் விளைவாக 1956 நவம்பர் 1 அன்றுதான் இப்பகுதி திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. ஆகவே பழைய தாய்ப்பத்திரங்கள், அதாவது இன்றைய உரிமைக்கு மூலமான முந்தைய ஆவணங்கள், பல வீடுகளில் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டுக் கணக்கிலும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த, தரகர் கொண்டுவராத ஒரு வழக்குரைஞரை மருமகள் தாமே தேடிக்கொள்ள வேண்டும்.

அதைவிட ஆழமானது மகள்களின் பங்கு பற்றிய கேள்வி. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கு பெறும் வழக்கமுடைய சில பிரிவினரை விலக்கிவிட்டு, உயில் எழுதாமல் இறந்தவரின் மகளுக்கு மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் குறைந்ததையே ஸ்திரீதனமாக வகுத்தது. அச்சட்டத்தை எதிர்த்து மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம், 1951 ஏப்ரல் 1 முதலே அது வழக்கொழிந்து, சம உரிமை தரும் இந்திய வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. அன்றைய திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதியான குமரி மாவட்டமும் இதற்குள் அடங்கும் என்பதால், 1951க்குப் பிறகு தந்தை உயிலின்றி இறந்து, ஆண்மக்கள் மட்டும் கையொப்பமிட்டுப் பாகம் பிரித்த சொத்தில் சகோதரிகளின் பங்கு தீராமல் நிற்கக்கூடும். அது காலவரம்பால் தீர்ந்ததா என்பது வழக்குரைஞர் ஆராய வேண்டியது. “பெண்பிள்ளைகளுக்குக் கல்யாணத்தில் கொடுத்தாயிற்று” என்னும் தரகரின் சொல் அதற்கு விடையாகாது. இந்துக் குடும்பங்களிலும், இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கான 1989ஆம் ஆண்டின் தமிழகத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் மகள்களுக்கு அளித்த உரிமையை இவ்வாறே பார்க்க வேண்டும். உடன்பிறந்தவளின் உரிமையை மறைத்து விற்ற வீட்டில் குடியேறுவது, வழக்கு வராவிட்டாலும், அறமாகாது.

தீராத இத்தகைய பங்குகளை வில்லங்கச் சான்று காட்டாது. பதிவான ஆவணங்களை மட்டுமே அது பட்டியலிடுகிறது. பெருந்தொகை கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் ஒற்றியும், பதிவு செய்யப்படாத தாளில் இருந்தால் அதில் இடம்பெறாது. ஆதலால் தரகரின்றி ஒருமுறை வீட்டுக்குச் சென்று, அங்கே வாழ்பவர் எந்த உரிமையில் வாழ்கிறார் என்று அவரிடமே கேட்டறிதல் வேண்டும்.

சகோதரிகளின் பங்கு தீராதிருந்தால், அவர்கள் கிரையப் பத்திரத்தில் தாமும் விற்பவராகச் சேர வேண்டும், அல்லது தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தைப் பதிந்து தர வேண்டும். வளைகுடா நாட்டில் இருப்பவரானால் இந்தியத் தூதரகத்தில் சான்றுபெற்ற அதிகாரப் பத்திரத்தை அனுப்பலாம். அது இங்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். அக்கையொப்பங்கள் வந்துசேரும்வரை, வேறொருவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார் என்று தரகர் எவ்வளவு விரைவுபடுத்தினாலும், மருமகள் பணம் கொடுக்கலாகாது. அவ்வீடு அந்த வேறொருவருக்கே போய்விட்டாலும் போகட்டும்.

அன்புடன்,
மாமா