விருந்தினருக்கான உணவுப் பட்டியலைத் திட்டமிடல்

மாதிரி வினா: தைப்பூசத்தன்று இணுவில் கந்தசுவாமி கோவில் மஞ்சத் திருவிழாவுக்காக உமது வீட்டுக்கு விருந்தினர் வந்துள்ளனர். வீட்டார் உட்பட 8 பேருக்கு முற்பகல் 10.30 மணிக்கு வழங்கத்தக்க மரக்கறி உணவுப் பட்டியலொன்றைத் தயாரித்துக் காரணம் தருக.

விளக்கம்: காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கி முற்பகலில் உண்பது 'பிறஞ்ச்' எனப்படும். ஆறுதலாக இருந்து கதைத்துக்கொண்டு உண்பதே இதன் சிறப்பு. எனவே சமைப்பவரும் விருந்தினருடன் அமரக்கூடியதாகப் பட்டியல் அமைய வேண்டும். மாணவர் பலர் இதனை மறந்து தோசை என எழுதிவிடுவர். தோசையைச் சுடச்சுடப் பரிமாற ஒருவர் (அனேகமாக அம்மா) அடுப்படியிலேயே நிற்க நேரிடும்.

இடியப்பம் பொருத்தமானது. ஒருவருக்கு 5 வீதம் 40 இடியப்பத்தை முன்னதாகவே அவித்து மூடி வைக்கலாம். சிவப்பரிசி மா எனின் நார்ப்பொருளும் கிடைக்கும். சொதியைக் கடைசியாக வைக்கவும். முதற்பால் விட்டபின் நன்கு கொதித்தால் திரைந்துவிடும். தேசிக்காய்ப் புளியை இறக்கிய பின்னரே விடவேண்டும். தேங்காய்ச் சம்பலும் நெடுநேரம் இருந்தால் பழுதாகும்.

மீனும் முட்டையும் இல்லாததால் புரதத்துக்குப் பருப்புக்கறியோ அவித்த கடலையோ அவசியம். இதனை எழுதாது விடுவதே பெரிய குறை. முருங்கையிலை வறையில் இரும்புச்சத்து உண்டு. தேசிக்காயிலுள்ள விற்றமின் சி அதன் அகத்துறிஞ்சலுக்கு உதவும். உணவுடன் அருந்தும் தேநீர் அதனைக் குறைக்கும். ஆகவே தேநீரை விருந்தினர் வந்தவுடனேயே கொடுத்துவிடலாம்.

பழத்துக்குக் கறுத்தக்கொழும்பான் என எழுதவேண்டாம். அதன் பருவம் வைகாசி, ஆனி. தையில் வாழைப்பழமே பொருத்தம்.