மூலமும் சுருக்கமும்



உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தியையோ கவுன்சில் அறிவித்தலையோ செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து, நாலு வரித் தமிழில் சுருக்கி, வட்ஸ்அப்பில் அனுப்பும் வழக்கம் இங்கிலாந்திலுள்ள எமது குடும்பங்களிலும் வந்துவிட்டது. ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இது பேருதவி. பிள்ளைகள் இதைச் செய்வது நல்ல காரியமே. ஆனால் பொறுப்போடு செய்யப் பழக்க வேண்டியது எமது கடமை.

இதற்கு வழிகாட்டி எமது நூல்களிலேயே இருக்கிறது. திருக்குறளை 'மூலமும் உரையும்' என்று சேர்த்து அச்சிடுவார்கள். உரையில் ஐயம் வந்தால் மூலத்தைப் பார்த்துத் தெளியலாம். மூலம் இல்லாமல் வரும் சுருக்கத்தில் இதற்கு இடமில்லை.

ஐயத்துக்குக் காரணமும் உண்டு. 2024 டிசம்பரில் அப்பிள் கைத்தொலைபேசிகளில் வந்த ஒரு சுருக்கம், நியூயோர்க் கொலை வழக்கில் கைதானவர் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார் என்று பி.பி.சியின் பெயரில் சொன்னது. பி.பி.சி அப்படிச் சொல்லவேயில்லை. முறைப்பாடுகளின் பின், 2025 ஜனவரியில் அந்த நிறுவனம் செய்திச் சுருக்கங்களை இடைநிறுத்தியது. 2025 அக்டோபரில் ஐரோப்பிய ஒலிபரப்புச் சங்கமும் பி.பி.சியும் வெளியிட்ட ஆய்வில், செய்தி பற்றிய கேள்விகளுக்கு இத்தகைய கருவிகள் தந்த விடைகளில் 45 சதவீதமானவற்றில் குறைந்தது ஒரு முக்கிய குறைபாடு காணப்பட்டது.

பிழை எப்படி நேர்கிறது? இக்கருவி எமது தெருவைக் கண்டதில்லை. முன்பு கற்ற எழுத்துக்களைக் கொண்டு, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து வசனம் அமைக்கிறது. வசனம் சரளமாக இருப்பதால் அது உண்மையாகிவிடாது. சுருக்கும்போது சிறு சொற்கள் விடுபட்டுப் பொருளே மாறிவிடலாம். இரண்டு உதாரணங்கள்:

'மாடிவீடுகள் கட்ட அனுமதி கேட்கப்பட்டுள்ளது' என்பது 'கட்டப்படவுள்ளன' என்றாகலாம். இங்கிலாந்தில் இத்தகைய விண்ணப்பங்கள் பற்றிக் கருத்துச் சொல்லப் பொதுவாக 21 நாள் அவகாசம் உண்டு. முடிந்த காரியம் என்று நம்பிய அயலவர் எழுதமாட்டார். அவகாசமும் கடந்துவிடும்.

'கைதானார்' என்பது 'குற்றவாளி' என்றாகலாம். கைது வேறு, குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. எல்லோரும் எல்லோரையும் அறிந்த எமது சிறிய சமூகத்தில், விடுதலையான பின்பும் அந்தப் பழிச்சொல் ஒரு குடும்பத்தை விட்டுப் போகாது.

ஆகவே பகிருமுன் கவனிக்க வேண்டியவை:

1. சுருக்கத்தின் கீழ் மூலச் செய்தியின் இணைப்பையும் திகதியையும் சேர்த்து அனுப்புங்கள்.
2. பெயர், இடம், நாள், எண் ஆகிய நான்கையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.
3. முன்மொழிவா, முடிவா என்று பாருங்கள்.
4. கருவி கொண்டு சுருக்கியது என்று ஒரு வரி எழுதுங்கள்.
5. பிழை தெரிந்தால், முன்பு அனுப்பிய அனைவருக்கும் திருத்தம் அனுப்புங்கள்.

வீட்டுப் பயிற்சி: இவ்வார உள்ளூர்ச் செய்தி ஒன்றைப் பிள்ளை கருவியால் தமிழில் சுருக்கட்டும். பின்னர் மூலத்தை வரிவரியாக வாசித்து, அம்மம்மாவுக்கோ தாத்தாவுக்கோ தமிழில் சொல்லட்டும். அவர்கள் சுருக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தச் சொல் விடுபட்டது என்று கண்டுபிடிக்கட்டும். பிள்ளைக்குத் தமிழும் வளரும், பெரியவர்களுக்கு ஊர் நடப்பும் சரியாகத் தெரியவரும்.