வலைப்பூ எழுதி வருமானம் பார்க்க...

தமிழில் வலைப்பூ எழுதும் பழக்கம் 2003 வாக்கில் தொடங்கியது. மறு வருடமே தமிழ்மணம் திரட்டி வந்து, யார் புதிதாக என்ன எழுதினார்கள் என்பதை ஒரே இடத்தில் காட்டியது. அன்று எழுதியவர்கள் எழுத்தாசைக்காக எழுதினார்கள். கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையும் 2003-இல் வந்ததுதான். ஆனால் அது தமிழை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில். அதற்குப் பிறகுதான், வீட்டில் இருந்தபடி தமிழிலேயே எழுதி விளம்பர வருமானம் பார்ப்பது முறையாகச் சாத்தியமாயிற்று. அடுப்படி வேலைக்கும் பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்புவதற்கும் நடுவே இரண்டு மணி நேரம் கிடைக்கும் பெண்களை மனதில் வைத்து இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். நான் எழுதுவது மாடித்தோட்டம் பற்றி. அதனால் உதாரணங்களும் அங்கிருந்தே வரும்.

1. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் உங்களிடம் எதைக் கேட்டு வருகிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஊறுகாயில் பூசணம் பிடிக்காமல் எப்படி வைக்கிறீர்கள், பட்டுப்புடவையில் பட்ட எண்ணெய்க் கறையை எப்படி எடுத்தீர்கள் என்று எதைக் கேட்கிறார்களோ, அதுவே உங்கள் வலைப்பூவின் பொருள். ஒரு நோட்டில் அதைப் பற்றி முப்பது கேள்விகளை எழுதிப் பாருங்கள். பதினைந்திலேயே பேனா நின்றுவிட்டால் வேறு பொருள் தேடுங்கள். சமையல், கோலம், ராசிபலன், சினிமா என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டினால் எந்த வாசகரும் இது தனக்கானது என்று நினைத்துத் திரும்பி வரமாட்டார்.

2. ஒரு பதிவுக்கு ஒரு கேள்வி போதும். 'கறிவேப்பிலை வளர்ப்பு' என்று பொதுவாகத் தலைப்பு வைப்பதைவிட, 'தொட்டியில் வைத்த கறிவேப்பிலை ஏன் தழையவில்லை?' என்று வையுங்கள். கையில் போனை வைத்துக்கொண்டு செடிக்குப் பக்கத்தில் நிற்பவர் அப்படித்தான் தேடுவார். பதிலை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: வெயில் போதவில்லை, தண்ணீர் அதிகமாகிவிட்டது, நுனி கிள்ளவில்லை, இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும் என்று. பிறகு ஒவ்வொன்றையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று விளக்குங்கள். இலையின் மேல் காக்கை எச்சம் போல ஒட்டிக்கொண்டிருப்பது எச்சம் அல்ல, எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் இளம்புழு. நாலைந்து நாளில் அது பச்சை நிறமாகி ஒரு கொத்தையே மொட்டையாக்கிவிடும். இப்படிப்பட்ட ஒரு தகவல், குனிந்து செடியைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். அதை எழுதுகிறவரைத்தான் வாசகர் நம்புவார்.

3. அகராதிப்படி 'கறிவேப்பிலை'. தேடுகிறவர்களில் நிறையப் பேர் 'கருவேப்பிலை' என்றே அடிக்கிறார்கள். தலைப்பில் சரியான சொல் இருக்கட்டும். உள்ளே ஓரிடத்தில், 'பேச்சுவழக்கில் கருவேப்பிலை என்று சொல்லும் இந்தச் செடி' என்று மற்றதையும் இயல்பாகச் சேர்த்துவிடுங்கள். ஊருக்கு ஊர் மாறும் பெயர்களுக்கும் இதே வழிதான். ஒரே சொல்லை இருபது தடவை திணிக்க வேண்டாம், படிக்கவே முடியாது.

4. தொடங்குவதற்குப் பிளாக்கர் போதும். கூகுளுடையது, இலவசம், ஒரு ஜிமெயில் முகவரி இருந்தால் பத்து நிமிடத்தில் பக்கம் தயார். வேர்ட்பிரஸில் வசதிகள் அதிகம். ஆனால் சொந்தமாக இடம் வாங்கி நடத்துவதென்றால் ஹோஸ்டிங் வாடகை வருடந்தோறும் கட்ட வேண்டும். பராமரிப்பும் நம் தலையில். வருமானம் வருவதற்கு முன்னால் செலவை ஏற்றிக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து.

5. சொந்த டொமைன் பெயர் மட்டும் வாங்கிவிடுவது நல்லது. பிளாக்கரிலேயே அதை இணைத்துக்கொள்ளலாம். பெயர் சின்னதாக, போனில் சொன்னால் எழுதிக்கொள்ளக் கூடியதாக இருக்கட்டும். ஒன்றை இங்கே வருத்தத்தோடு சொல்ல வேண்டும். என் முதல் பெயரை, விவரம் தெரிந்த ஒருவரிடம் பணம் கொடுத்து வாங்கச் சொன்னேன். அவர் தன் மின்னஞ்சலில், தன் பெயரில் பதிந்துவிட்டார். அடுத்த வருடம் புதுப்பிக்கும் அறிவிப்பு அவருக்குப் போயிற்று, அவர் பார்க்கவில்லை. பெயர் கைவிட்டுப் போனது. பதினோரு மாதம் எழுதிச் சேர்த்த வாசகர்கள் வேறு யாருடைய பக்கத்துக்கோ போய் நின்றார்கள். உங்கள் ஜிமெயில், உங்கள் போன் எண், உங்கள் கார்டு: மூன்றும் உங்களுடையதாக இருக்கட்டும். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் சிவப்பு மையில் குறித்து வையுங்கள். முதல் வருடம் தள்ளுபடியில் கொடுப்பார்கள். இரண்டாம் வருடம் எவ்வளவு என்பதையும் வாங்கும்போதே பாருங்கள்.

6. பிளாக்கரில் தலைப்பைத் தமிழில் வைத்தால், பதிவின் இணைய முகவரி வெறும் 'பிளாக் போஸ்ட்' என்று எண்ணோடு வந்து நிற்கும். வெளியிடும் முன் வலது பக்கத்தில் பெர்மாலிங்க் என்ற இடத்தைத் திறந்து, கறிவேப்பிலை தொட்டி என்பதை ஆங்கில எழுத்துகளில் தட்டிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால் பழைய இணைப்பைச் சேமித்தவர்களுக்குப் பக்கம் திறக்காது. அரை நிமிட வேலை, பலர் விட்டுவிடுகிறார்கள்.

7. படங்களை நீங்களே எடுங்கள். காலை எட்டு மணி வெளிச்சம், பின்னால் ஒரு வெள்ளைத் துணி, அவ்வளவுதான் தேவை. போன் படம் மூன்று நான்கு எம்பி இருக்கும்; அப்படியே ஏற்றினால் கிராமத்து சிக்னலில் பக்கம் திறக்காது. அளவைக் குறைத்து ஏற்றுங்கள். கூகுள் படத் தேடலில் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து அல்ல. கட்டாயம் வேறு படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா காமன்ஸில் உரிம விவரம் பார்த்து, எடுத்தவர் பெயரைப் போட்டுப் பயன்படுத்துங்கள்.

8. தட்டச்சு வராது என்று தயங்க வேண்டாம். ஜிபோர்டில் தமிழைச் சேர்த்து மைக்கை அமுக்கிப் பேசினால் எழுத்தாக விழும். ஆனால் ஒருமுறை உட்கார்ந்து திருத்தியே ஆக வேண்டும். 'பழம்' என்று சொன்னால் 'பலம்' என்று விழுந்திருக்கும். ஆங்கிலக் கட்டுரையைத் தானியங்கியில் மொழிபெயர்த்துப் போடுவதும், அடுத்தவர் பதிவை நாலு சொல் மாற்றிப் போடுவதும் வேண்டவே வேண்டாம். ஆட்சென்ஸ் விண்ணப்பம் மறுக்கப்படுவதற்குப் பெரும்பாலும் 'மதிப்பு குறைந்த உள்ளடக்கம்' என்ற காரணம்தான் வரும். அது இப்படிப்பட்ட பதிவுகளால் வருவது.

9. சர்க்கரை நோய், புற்றுநோய், குழந்தைக் காய்ச்சல் ஆகியவற்றுக்குக் கைமருந்து எழுதி ஆள் சேர்க்காதீர்கள். அப்படிப்பட்ட தலைப்புக்குக் கூட்டம் வரும், உண்மைதான். யாரோ ஒரு தாய் அதை நம்பி மருத்துவமனைக்குப் போவதை இரண்டு நாள் தள்ளிப்போட்டால் அந்தப் பாரத்தை எந்த வருமானமும் ஈடு செய்யாது.

10. விண்ணப்பிக்கும் முன் 'என்னைப் பற்றி', 'தொடர்புக்கு', 'தனியுரிமைக் கொள்கை' என்று மூன்று தனிப் பக்கங்களை வையுங்கள். விளம்பரங்கள் குக்கீகளைப் பயன்படுத்துவதைத் தனியுரிமைப் பக்கத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது ஆட்சென்ஸின் விதி. எத்தனை பதிவு இருக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. முழுமையான இருபத்தைந்து பதிவுகள் சேர்ந்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது என்பேன். விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு கணக்குதான். எழுதுவது நீங்கள் என்றால் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்க வேண்டும். 'அவர் பேரிலேயே போட்டுடலாமே' என்று வீட்டில் சொன்னாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 'அங்கீகாரம் பெற்ற கணக்கு விற்பனைக்கு' என்று வரும் செய்திகளைத் திறக்கவே வேண்டாம்.

11. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க எண் ஒன்று சாதாரணத் தபாலில் வரும். இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பதிவுத் தபால் இல்லை என்பதால் விளம்பர நோட்டீஸ் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தபால்காரரிடம் முன்கூட்டிச் சொல்லி வையுங்கள். முகவரியில் கதவு எண், தெரு, அஞ்சல் ஊர், பின்கோடு எல்லாம் உங்கள் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும்; 'பிள்ளையார் கோயில் அருகில்' என்று ஒரு அடையாளமும் சேர்க்கலாம். எண்ணைப் பதிவு செய்ய நான்கு மாத அவகாசம் உண்டு. அதற்குள் செய்யாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். கடிதம் வராவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

12. உங்கள் பக்கத்து விளம்பரத்தை நீங்கள் தொடக் கூடாது. கணவர், பிள்ளைகள், அக்கா வீட்டுப் போன் எதிலிருந்தும் கூடாது. 'என் பிளாக்குக்குப் போய் ஒரு விளம்பரத்தை அமுக்குங்களேன்' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்பதும் விதிமீறல். பாசத்தில் அமுக்குகிறார்களா பணத்துக்காக அமுக்குகிறார்களா என்று யாரும் பிரித்துப் பார்க்கமாட்டார்கள், கணக்கே முடங்கலாம். பக்கத்தைச் சோதித்துப் பார்க்கும்போது கை தவறிவிடும் என்று பயமாக இருந்தால் போனைத் தொடாமல் கணினியில் பாருங்கள்.

13. எவ்வளவு வரும்? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், அதனால் கணக்காகவே சொல்கிறேன். ஆயிரம் பக்கப் பார்வைக்கு என்ன கிடைக்கிறது என்பதை ஆர்பிஎம் என்பார்கள். வந்த தொகையைப் பார்வைகளால் வகுத்து ஆயிரத்தால் பெருக்க வேண்டும். உங்கள் ஆர்பிஎம் அரை டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 டாலர் சேர 2 லட்சம் பார்வைகள் வேண்டும். நாளைக்கு 500 பேர் ஆளுக்கு ஒரு பக்கம் படித்தால் 400 நாள். ஆங்கிலப் பக்கங்களைவிடத் தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பர விலை குறைவு. அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் தமிழர் படித்தால் அதே பக்கத்துக்குக் கூடுதலாகக் கிடைக்கும். தீபாவளியிலிருந்து கிறிஸ்துமஸ் வரை விலை ஏறும், ஜனவரியில் இறங்கும். 2024 முதல் கூகுள் சொடுக்குக்கு என்றில்லாமல் விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கைக்குப் பணம் தருகிறது. கூகுள் ஆட்ஸ் வழியாக விளம்பரம் கொடுப்பவர் செலவழிக்கும் நூறு ரூபாயில் ஏறத்தாழ 68 ரூபாய் எழுதுகிறவருக்கு வரும். முதல் ஆறு மாதம் ஏதும் வராது என்று எண்ணிக்கொண்டே தொடங்குங்கள். வீட்டு வாடகையை இதை நம்பி ஒப்புக்கொள்ள வேண்டாம்.

14. இருப்பு 100 டாலரைத் தாண்டிய மாதத்துக்கு அடுத்த மாதம், 21-க்கும் 26-க்கும் இடையில் பணம் அனுப்பப்படும். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் என்பதால் வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு கேட்பார்கள். எல்லாக் கிளைகளுக்கும் அது கிடையாது. உங்கள் கிளையில் போய், எந்தக் கிளையின் குறியீட்டைக் கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு, பான் கார்டு, ஆட்சென்ஸ் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல இருக்க வேண்டும். இனிஷியல் முன்னால் பின்னால் இருந்தால்கூடச் சிக்கல். இது வருமானம், எனவே வருமான வரிக் கணக்கிலும் வரும். ஒவ்வொரு வரவையும் டாலரிலும் ரூபாயிலும் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வந்தால் ஜூலையில் ஆடிட்டரிடம் அலைய வேண்டியிருக்காது.

15. பருவம் வருவதற்கு ஒன்றரை, இரண்டு மாதம் முன்பே பதிவு வெளியாகட்டும். கூகுள் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவர நாள் ஆகும். ஆடிப்பட்டத்து விதைப்புப் பற்றி வைகாசியில் எழுதுங்கள். வெயில் கால வடாம் பற்றித் தை மாதத்தில்.

16. கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒன்று இருக்கிறது, இலவசம். வாசகர்கள் எந்தச் சொல்லைத் தட்டி உங்களிடம் வந்தார்கள் என்பதை அப்படியே காட்டும். வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேரம் அதைப் பாருங்கள். என் ரோஜாப் பதிவுக்கு 'ரோஜா இலை மஞ்சள் கருப்புப் புள்ளி' என்று தேடி நிறையப் பேர் வந்து, படிக்காமல் திரும்பியிருந்தார்கள். அந்தப் பதிவில் கரும்புள்ளி நோய் பற்றி ஒரு வரிகூட இல்லை. பூஞ்சையால் வருவது, நோய்பட்ட இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்த வேண்டும், இலையில் படாமல் வேரடியில் மட்டும் நீர் விட வேண்டும் என்று தனிப்பதிவு எழுதினேன். இன்றும் அதிகம் படிக்கப்படுவது அதுதான்.

17. விளம்பரங்களைத் தலையோடு கால் அடுக்காதீர்கள். பதிவின் தொடக்கத்தில் வாசகருக்குப் பதில் தெரிய வேண்டும். பட்டன்களுக்குப் பக்கத்தில் விளம்பரம் வைத்துக் கை தவறி அமுக்க வைப்பது விதிக்கும் விரோதம், வாசகருக்கும் எரிச்சல்.

18. வாசகர் வட்டம் கொஞ்சம் வளர்ந்ததும் உள்ளூர்க் கடைகளிடம் நேரடியாகப் பேசுங்கள். நர்சரி, தேங்காய்நார்க் கழிவு விற்பவர், விதைக்கடை போன்றவர்களுக்கு உங்கள் வாசகர்தான் வேண்டிய ஆள். மாதத்துக்கு இவ்வளவு என்று பேசி, ரசீது கொடுங்கள். அந்தப் பொருளை ஒரு முறையாவது வாங்கிப் பயன்படுத்திவிட்டே ஒப்புக்கொள்ளுங்கள். பணம் பெற்று எழுதும் பதிவின் தலையிலேயே 'விளம்பரம்' என்று தெளிவாகப் போட வேண்டும். இந்திய விளம்பரத் தர மன்றம் 2021-இல் இதற்கு விதிமுறை கொண்டுவந்திருக்கிறது.

19. மாதம் ஒரு முறை பிளாக்கரின் அமைப்புகளில் போய்ப் பதிவுகளை நகல் இறக்கிக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பில் எழுத்துதான் வரும், படங்கள் வராது. படங்களைத் தனியாக ஒரு பென் டிரைவில் வையுங்கள். ஜிமெயிலுக்கு இரண்டடுக்குப் பாதுகாப்புப் போட்டு, அது தரும் மாற்று எண்களைக் காகிதத்தில் எழுதி, பான் கார்டு இருக்கும் பீரோவிலேயே வைத்துவிடுங்கள்.