பலகைப் பெட்டி சுவரலமாரியாகிறது
வாடகை வீட்டாருக்கு ஒரு கைத்தொழிற் பாடம்

தோட்டத்து வரிசை வீடாயினும் நகரத்து மலிவுவிலை அடுக்குமாடி வீடாயினும், நம்மிற் பலர் வாழும் வீடுகளில் இடம் குறைவு. பிள்ளைகளின் பாடநூல்கள் தரையிலோ கட்டிலுக்கடியிலோ கிடக்கின்றன. ஈரமும் கறையானும் முதலில் தாக்குவது அவற்றையே. புதிய அலமாரி வாங்கப் பணம் வேண்டும். வீடு மாறும்போது அதைச் சுமந்து செல்லவும் வேண்டும். கடைகளின் பின்புறத்தில் ஒதுக்கப்பட்டிருக்கும் பலகைப் பெட்டிகளைக் கொண்டு இக்குறையை நாமே தீர்த்துக்கொள்ளலாம்.

பெட்டியைத் தெரிந்தெடுத்தல்

கடைக்காரரிடம் கேட்டுப் பெறுவதே முறை. வெளிநாட்டுப் பொருள்கள் வந்த பெட்டியாயின், அதன் பக்கத்தில் கோதுமைக் கதிர் வடிவமும் ஐ.பி.பி.சி. என்னும் எழுத்துகளும் கொண்ட முத்திரை இருக்கும். இது 2002 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட அனைத்துலக விதியின்படி இடப்படுவது. அதனுடன் எச்.டி. என்றிருந்தால், பலகை அதன் உட்பகுதி வரை 56 பாகை செல்சியஸ் வெப்பத்தில் குறைந்தது 30 நிமிடம் சூடேற்றப்பட்டது என்று பொருள். அதனை அச்சமின்றி எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப் புகை இடப்பட்டது. அதனை வீட்டுக்குள் கொண்டு வராதிருப்பதே நன்று.

களைக்கொல்லி, பூச்சிமருந்து ஆகியவை இருந்த பெட்டிகளை ஒருபோதும் எடுக்கலாகாது. பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆயினும் பழைய கொட்டகைகளில் மருந்து ஊறிய பெட்டிகள் எஞ்சியிருக்கக்கூடும். மருந்து ஊறிய மரம் கழுவினாலும் தூய்மையாகாது. எண்ணெய்க் கறை, பூசண நாற்றம், சிறு துளைகளிலிருந்து உதிரும் மாவு போன்ற தூள் ஆகியவை காணப்பட்டால் அப்பெட்டியையும் விலக்குக. அத்தூள் வண்டு அரித்ததன் அடையாளம்.

உரிமையாளரின் இசைவு

வாடகை வீட்டின் சுவர் நம்முடையதன்று. துளையிடுமுன் உரிமையாளரிடம் எழுத்து மூலம் இசைவு பெறுக. தோட்ட வீடாயின் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். சுவரின் அப்போதைய நிலையைப் படமெடுத்து வைத்துக்கொள்க. வீட்டை விடும் நாளில் முன்பணம் குறைவின்றித் திரும்பி வர இவ்விரண்டும் துணை செய்யும்.

செய்ம்முறை

வேண்டியவை: சுத்தியல், குறடு, திருப்புளி, உப்புத்தாள், திருகாணிகள், வார்னிஷ், 2 சென்டிமீட்டர் தடிப்பும் 5 சென்டிமீட்டர் அகலமும் உள்ள மரச்சட்டம்.

1. பெட்டியைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, காற்றோட்டமான நிழலில் நன்கு உலர்த்துக. கடும் வெயிலில் இட்டால் பலகை கோணும்.

2. துருப்பிடித்த ஆணிகளையும் கம்பிகளையும் குறடால் பிடுங்கிவிட்டுத் திருகாணிகளை முடுக்குக. பெட்டிகள் ஒருமுறைப் பயணத்திற்கெனச் செய்யப்படுபவை. அவற்றின் ஆணிகள் ஆண்டுக்கணக்கில் பாரம் தாங்கா.

3. முதலில் 80 எண் உப்புத்தாளாலும் பின்னர் 150 எண் தாளாலும் மரத்தின் இழை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். இதனை வீட்டுக்கு வெளியே, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு செய்க.

4. பெட்டியை அதன் வாய் நம்மை நோக்கும்படி படுக்கவைத்தால், அடிப்பாகம் சுவரை ஒட்டும் முதுகாகிறது. இம்முதுகுப் பலகை மெல்லியது. அதில் திருகி மாட்டினால் பிளந்து விழும். ஆகவே, பெட்டியின் உள்ளே, மேற்பலகையும் முதுகும் சேரும் மூலையில் மரச்சட்டத்தைப் பொருத்தி, மேலிருந்தும் இரு பக்கங்களிலிருந்தும் திருகுக. பாரம் முழுவதையும் தாங்குவது இச்சட்டமே.

5. இரு முறை வார்னிஷ் பூசுக. முதற்பூச்சு உலர்ந்த பின்னரே இரண்டாவது.

சுவரில் பொருத்துதல்

ஒரு மீட்டர் நீளத்திற்கு அடுக்கிய புத்தகங்கள் 20 முதல் 30 கிலோகிராம் வரை இருக்கும். செங்கல் சுவரின் மேற்பூச்சு அப்பாரத்தைத் தாங்காது. பூச்சைக் கடந்து செங்கல்லுக்குள் துளையிட்டு, பிளாஸ்டிக் செருகியை உள்ளே இறக்கி, அதன்பின் திருகாணியை முடுக்க வேண்டும். சட்டத்திற்கு 2, முதுகுக்கு 1, பூச்சுக்கு 1.5, செங்கல்லுக்கு 3 எனக் கணக்கிட்டால் திருகாணி 7.5 சென்டிமீட்டர் நீளமாவது இருத்தல் வேண்டும். ஒரு பெட்டிக்கு இரண்டு திருகாணிகள் தேவை. பலகை வீடாயின், சுவர்ப் பலகைக்குப் பின் நிற்கும் தூணில் மட்டுமே திருகுக. தட்டினால் வெற்றொலி எழுப்பும் மெல்லிய தடுப்பில் புத்தகப் பெட்டியை மாட்டலாகாது.

மின் விசைக்கும் செருகுமுனைக்கும் நேர் மேலே, நேர் கீழே, நேர் பக்கவாட்டில் துளையிடாதீர்கள். கம்பிகள் பெரும்பாலும் அவ்வழியே செல்கின்றன. தொட்டிலுக்கும் படுக்கைக்கும் மேலே எப்பெட்டியையும் மாட்டற்க. வார்னிஷ் பூசிய உலர்ந்த பலகை எளிதில் தீப்பற்றும்; எனவே இதனைச் சாமிமேடையாக்கி விளக்கேற்றுவதும் சூடம் கொளுத்துவதும் கூடாது.

துளையிட இசைவு கிடைக்காவிடின்

பெட்டிகளைத் தரையிலிருந்தே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கலாம். அடியில் செங்கற்களை வைத்து ஈரத்திலிருந்து உயர்த்துக. மூன்று பெட்டிகளுக்கு மேற்படாமல், ஒன்றையொன்று திருகாணியால் பிணைத்து, கனமானவற்றைக் கீழ்ப்பெட்டியில் வைக்க வேண்டும். பிள்ளைகள் அலமாரியில் ஏறும் இயல்பினர். ஆதலால் மேற்பெட்டியைச் சுவரோடு பிணைக்கும் ஒரு சிறு இரும்புத் தகட்டிற்காவது இசைவு கேட்டுப் பாருங்கள். அதுவும் இல்லையெனில் இரண்டு பெட்டிகளோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு.

வீட்டை விடும்போது

செருகிகளை அகற்றி, சுவரடைப்புப் பசையால் துளைகளை நிரப்பி, காய்ந்தபின் தேய்த்து, அதே நிறச் சாயம் பூசிவிடுக. பெட்டிகளையும் உடன் கொண்டு செல்லலாம்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொண்டு ஒரு பெட்டியைச் செய்து பாருங்கள். துளையிடுவதையும் திருகுவதையும் பெரியவர்கள் செய்யட்டும். தேய்ப்பதையும் பூசுவதையும் பிள்ளைகளிடம் விடலாம். தம் கைபட்ட அலமாரியில் தம் நூல்களை ஒழுங்காக அடுக்க அவர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.