நிழற்கோல்: ஐந்து பாடங்களை இணைக்கும் ஒரு பயிற்சி

விஞ்ஞானம், தொழில்நுட்பம், பொறியியல், கலை, கணிதம் ஆகிய ஐந்தையும் ஒரே முயற்சியில் இணைத்துக் கற்பிக்கும் முறை ‘ஸ்டீம்’ கல்வி எனப்படும். இத்துறைகளின் ஆங்கிலப் பெயர்களுடைய முதலெழுத்துக்களால் அமைந்தது இப்பெயர். இதற்கு விலையுயர்ந்த சாதனங்கள் இன்றியமையாதன என எண்ண வேண்டுவதில்லை. ஒரு கோலும் அதன் நிழலுமே தொடக்கத்திற்குப் போதுமானவை.

இவ்வைந்தும் ஒன்றுகூடியதற்கு ஜயப்பூரிலுள்ள ஜந்தர் மந்தர் சிறந்த சான்றாகும். இரண்டாம் சவாய் ஜயசிங் மன்னர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதனை நிறுவினார். அங்குள்ள சாம்ராட் யந்திரம் சுமார் 27 மீட்டர் உயரமுள்ள சூரிய கடிகாரம். அதன் சாய்சுவர் அவ்விடத்தின் அட்சரேகைக்கு ஏற்ப 27 பாகைக் கோணத்தில் எழுப்பப்பட்டிருப்பதால், பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. அதன் நிழல் நிமிஷத்திற்கு ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம்.

வகுப்பில் செய்யும் முறை வருமாறு: சமதளத்தில் 1 மீட்டர் உயரமுள்ள கோலைத் தூக்குக்குண்டின் உதவியால் செங்குத்தாக நடுக. காலை 10 மணியளவில் நிழலின் நுனியைக் குறித்து, கோலை மையமாகக் கொண்டு அந்நுனி வழியே கயிற்றால் வட்டம் வரைக. குறுகிச் சென்ற நிழல் பிற்பகலில் மீண்டும் வட்டத்தைத் தொடும் இடத்தையும் குறிக்க. இரு குறிகளையும் இணைக்கும் கோட்டின் நடுப்புள்ளியிலிருந்து கோலுக்கு வரையும் கோடு வடக்கு தெற்கைக் காட்டும். மறுநாள் நிழல் இக்கோட்டின்மீது விழும் நேரமே உண்மையான நண்பகல். அந்நேரத்தைக் கடிகாரத்தில் பார்த்துக் குறிக்க வேண்டும்.

இங்கே ஆசிரியர் விழிப்புடன் இருத்தல் அவசியம். கடிகாரம் பெரும்பாலும் 12 மணியைக் காட்டாது. தாம் தவறிழைத்ததாகக் கருதி மாணாக்கர் குறிப்பைத் திருத்த முற்படுவர். அதனை அனுமதித்தல் கூடாது. இந்திய நியம நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை அடிப்படையாகக் கொண்டது. அதற்கு மேற்கேயுள்ள ஜயப்பூரில் நண்பகல் சராசரி 27 நிமிஷம் பிந்தி வருகிறது. பூமியின் பாதை நீள்வட்டமாயிருப்பதாலும், அதன் அச்சு சாய்ந்திருப்பதாலும், அது பிப்ரவரி நடுவில் சுமார் 12.41 மணிக்கும், நவம்பர் தொடக்கத்தில் சுமார் 12.10 மணிக்கும் நிகழ்கிறது. ஆகவே மாணாக்கரின் குறிப்பே சரியானது. ‘பிழை’ எனத் தோன்றியதே பாடத்தின் உயிர்நிலை.

பின்னர், தத்தம் ஊரின் அட்சரேகைக்கேற்ற சாய்வுடன் அட்டையில் சூரிய கடிகாரம் அமைக்கச் செய்யலாம். அதன் முகப்பை இளஞ்சிறாரும் எளிதில் படிக்குமாறு அழகுற வரைவதில் கலைக்கு இடமுண்டு. சூரியனை நேராக நோக்கலாகாது என்று முன்னரே எச்சரித்தல் வேண்டும்.