லினக்ஸில் வைஃபை எடுக்கவில்லையா?

முதலில் கீபோர்டில் விமானப் படம் போட்ட பட்டனைப் பாருங்கள். பாதிப் பிரச்சினை அதில்தான். அது சரியென்றால், டெர்மினலில் எல்-எஸ்-பி-சி-ஐ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை அடியுங்கள். கார்டு எந்தக் கம்பெனி என்று காட்டும். இன்டெல் பொதுவாகத் தொல்லை தராது. பிராட்காம் என்றால் தனி டிரைவர் தேவைப்படலாம்.

டிரைவர் இறக்க நெட் வேண்டும், நெட்டுக்கோ டிரைவர் வேண்டும்! ஆண்ட்ராய்டு போனைக் கேபிளில் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' போட்டால் நெட் கிடைக்கும். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' திறந்து பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். செக்யூர் பூட் இருந்தால் புதிதாக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், குறித்துக்கொள்ளுங்கள். ரீஸ்டார்ட்டில் வரும் நீலத் திரையில் 'என்ரோல் மோக்' கொடுத்து அதையே அடிக்க வேண்டும். அவசரப்பட்டு 'கன்டினியூ பூட்' தட்டினால் டிரைவர் ஏறாது.