மின்விசிறிக்கு ஒரு சுவிட்ச், விளக்குக்கு ஒரு சுவிட்ச்



பினாங்கிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் உள்ள பழைய கடைவீடுகளில் மாடியறையின் நடுவே மின்விசிறி தொங்கும். அதன் அடியிலேயே விளக்கும் இருக்கும். சில அறைகளில் இவ்விரண்டுக்கும் சுவரில் உள்ளது ஒரே சுவிட்ச். காற்று வேண்டுமானால் வெளிச்சத்தைச் சகிக்க வேண்டும். இருட்டு வேண்டுமானால் புழுக்கத்தில் கிடக்க வேண்டும். கடை சாத்திவிட்டு நள்ளிரவில் கணக்கெழுதுபவரும், சுபுஹுக்கு எழவேண்டிய தொழிலாளரும் ஓரறையில் இருந்தால் இருவருக்கும் நிம்மதி இல்லை.

உறங்குமுன் விளக்கை அணைக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். அக்காலத்து எண்ணெய் விளக்கின் திரியால் வீடு தீப்பற்றும் அபாயத்தை முன்னிட்டு அவர்கள் அதைச் சொன்னார்கள். இன்றைய விளக்கில் திரி இல்லை. ஆயினும் வீண்விரயம் உண்டு. 36 வாட் விளக்கு இரவில் 8 மணி நேரம் வீணாக எரிந்தால் 30 நாளில் 8.64 யூனிட் செலவாகும். ஆறு அறைகள் உள்ள தொழிலாளர் விடுதியில் அது ஏறக்குறைய 52 யூனிட்.

இப்பாடத்தின் நோக்கம் நம்மை வயர்மேன் ஆக்குவதன்று. வயர்மேனிடம் எதைக் கேட்பது, எதைச் செய்யவிடக் கூடாது என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

கம்பிகளின் கணக்கு

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட் அளவினது. அதைக் கொண்டுவரும் கம்பி லைவ். வேலை முடிந்து திரும்பும் வழி நியூட்ரல். மூன்றாவதான எர்த் கம்பி, பழுது நேரும்போது மட்டும் மின்சாரத்தைப் பத்திரமாக வெளியேற்றும் காவலாளி.

சுவிட்ச் எப்போதும் லைவ் கம்பியில்தான் இருக்க வேண்டும். நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு அணையும். ஆனால் விளக்குக்கூட்டில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். அணைத்துவிட்டோம் என்று நம்பிப் பல்பை மாற்றப்போனவர் கைவைத்தால் உயிருக்கே ஆபத்து.

பிரிக்கும் முறை

ஒரு சுவிட்சிலிருந்து ஏறிய ஒரே கம்பி கூரையில் இரண்டாகப் பிரிந்து விசிறிக்கும் விளக்குக்கும் போவதால்தான் இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. எனவே பிரிவினை கூரையில் நடக்காமல் சுவரிலேயே நடக்க வேண்டும். ஒரே பலகையில் இரண்டு சுவிட்சுகளைப் பொருத்தி, வந்த லைவை முதல் சுவிட்சில் இணைத்து, அங்கிருந்து சிறு துண்டுக் கம்பியால் இரண்டாவதற்கும் கொடுப்பார்கள். பிறகு ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஒரு கம்பி தனித்தனியே மேலேறும். நியூட்ரலும் எர்த்தும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம்.

ஆகவே கூரையில் விசிறிக்கு ஒரு லைவ், விளக்குக்கு ஒரு லைவ், ஒரு நியூட்ரல், ஒரு எர்த் என நான்கு கம்பிகள் இருக்க வேண்டும். வேகத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் சுவரில் இருந்தால் அது விசிறியின் லைவில் மட்டும் அமைய வேண்டும். விளக்கை மங்கச் செய்யும் டிம்மரை விசிறிக்கு வைத்தால் மோட்டார் சூடேறிக் கெடும்.

சுவருக்குள் குழாய் இருந்து அதில் இடமும் இருந்தால் இன்னொரு கம்பியை இழுத்துக்கொள்ளலாம். குழாய் இல்லையெனில் சுவர்மேல் பிளாஸ்டிக் உறையிட்டுக் கொண்டுபோகலாம். இரண்டும் இயலாத இடத்தில் ரிமோட் உள்ள விசிறி வாங்குவது நலம். அதன் மேல்மூடிக்குள் இருக்கும் கருவி, ஒரே லைவைக் கொண்டு விசிறியையும் விளக்கையும் தனித்தனியே இயக்கும். சுவர் சுவிட்ச் மட்டும் எப்போதும் போட்டபடி இருக்க வேண்டும். சுவரில் பழைய ரெகுலேட்டர் இருந்தால் நீக்கிவிட வேண்டும்.

அனுமதிக்கக் கூடாதவை

முதலாவது, கம்பி ஒன்று குறைகிறது என்பதற்காக எர்த்தை லைவாகப் பயன்படுத்துவது. வேலை அரைமணியில் முடியும், விசிறியும் சுழலும். ஆனால் காவலாளியையே கள்வனாக்கிய கதை இது. விசிறியின் உடலுக்குப் பாதுகாப்புப் போய்விடுகிறது. நிறத்தை நம்பி நாளை தொடுபவருக்கும் ஆபத்து.

இரண்டாவது, பக்கத்து அறையின் நியூட்ரலை இரவல் வாங்குவது. இதன் கேட்டை வியாபாரிகளாகிய நாம் எளிதில் உணரலாம். ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் தடுப்பான் ஒரு கணக்கப்பிள்ளை. போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். உயிர்காக்க வைப்பது 30 மில்லி ஆம்பியர் பேதத்திலேயே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். ஒரு கடையின் வரவை இன்னொரு கடையின் பேரேட்டில் எழுதினால் இரண்டு கணக்கும் பிசகுவதுபோல, இரவல் நியூட்ரலால் தடுப்பான் காரணமின்றி விழுந்துகொண்டே இருக்கலாம். அந்தத் தொல்லை பொறுக்காமல் தடுப்பானையே நீக்கிவிடுவோரும் உண்டு. அது தீராப் பிழை. சிங்கப்பூரில் 1985 முதல் புதிய வீடுகளுக்கு இது கட்டாயம். 2023 ஜூலை 1 முதல் எல்லா வீடுகளுக்கும் கட்டாயமாகி, பழைய வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை தவணை தரப்பட்டது.

மூன்றாவது, நிறத்தை மட்டும் நம்புவது. மலேசிய வீடுகளின் சுவர்க் கம்பிகளில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை லைவ்; கறுப்பு நியூட்ரல். சிங்கப்பூரிலும் முன்பு இவ்வாறே இருந்தது. அங்கே 2009 மார்ச் 1 முதல் பழுப்பு, கறுப்பு, சாம்பல் ஆகியவை லைவ். நீலம் நியூட்ரல் என்றாயின. சிங்கப்பூரில் பழகிய கண் ஜோகூர் வீட்டு நீலக் கம்பியை நியூட்ரல் என்று எண்ணிவிடக் கூடும். ஆகையால் மெயினை அணைத்த பிறகும் கருவியால் சோதித்தே தொட வேண்டும். அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்பதையும் மின்சாரம் உள்ள இடத்தில் முன்னும் பின்னும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை யாருடையது?

புதுக் கம்பி இழுப்பதும் இணைப்பை மாற்றுவதும் நம் கைவேலையல்ல. சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவரையும், தீபகற்ப மலேசியாவில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவரையும் அழைப்பதே முறை. கூலி சற்றுக் கூடுதலாகலாம். தராசில் எடை குறைவது பாவம் என்று அஞ்சும் நாம், நம்மை நம்பி மாடியில் உறங்கும் தொழிலாளரின் உயிரில் கஞ்சத்தனம் காட்டலாமா? அவர்கள் நம்மிடம் உள்ள அமானிதம்.

வேலை முடிந்ததும் கூலியை எண்ணிக் கொடுக்குமுன் நான்கு சோதனைகள் செய்வோம். விசிறி மட்டும், விளக்கு மட்டும், இரண்டும் சேர்ந்து, இரண்டும் அணைந்து என ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பிறகு தடுப்பானிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி, அது உடனே விழுகிறதா என்று காண்போம். விழாவிட்டால் வேலை முடியவில்லை என்று பொருள்.

கடையையோ வீட்டையோ புதுப்பிக்க எண்ணியிருக்கும் சகோதரர்கள் சுவர் பூசுமுன்பே இந்த நான்கு கம்பிகளைக் கேட்டு வாங்கட்டும். பூசுமுன் அது ஒரு கம்பியின் செலவு. பூசியபின் சுவரை உடைக்கும் செலவு.